இரும்புக்கையும் கரப்பான்பூச்சியும்

காமிக்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர், "சூப்பர்ஹீரோ கதையிலயும் இலக்கியம் இருக்குன்னு சொல்றியே, ஒண்ணு குடு பாப்போம்" என்று கேட்டால் எதைக் கொடுப்பது? யாரைக் கேட்டாலும் பதில் அநேகமாக ஒன்றுதான். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்'. 1986, 87-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்து, பிறகு ஒரே புத்தகமாகத் தொகுக்கப்பட்டது. 2005-இல் டைம் பத்திரிகை தயாரித்த நூறு ஆங்கில நாவல்களின் பட்டியலில்கூட இடம்பிடித்தது. அதனால் கொடுப்பவருக்கும் ஒரு தைரியம். இது வெறும் படக்கதை இல்லை, டைமே சொல்லிவிட்டது!

எனக்கு இந்தப் பதிலில் கொஞ்சகாலமாகவே ஒரு சந்தேகம் உண்டு. தீவிரமான சூப்பர்ஹீரோ சித்திர நாவல்கள் யாருக்காக எழுதப்படுகின்றன? ஏற்கெனவே பத்து வருடம் பேட்மேனில் ஊறிய ரசிகருக்கா, இல்லை முகமூடி என்றாலே முகம் சுளிக்கும் புதியவருக்கா? இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம் பிடிக்குமா? என் பிரதி ஈசூன் வட்டாரத்திலேயே நாலைந்து வீடு சுற்றி, அட்டை மடங்கித் திரும்பியிருக்கிறது. ஈசூன் என்றாலே சிங்கப்பூரில் ஒரு நமட்டுச் சிரிப்பு உண்டு. தீவில் எங்கே விநோதமாக எது நடந்தாலும் "ஈசூனா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காத்தம் நகரத்துக்குப் பக்கத்துத் தொகுதி மாதிரி. முகமூடி மனிதர்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

முதலில் ரசிகரைப் பார்ப்போம். என்னோடு என்டியுவில் படித்த நண்பன். மார்வெல் படம் ஒன்றுகூட விடாமல் முதல் நாளே பார்ப்பவன். எந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் யார் எட்டிப்பார்த்தார் என்பதைத் தேதியோடு சொல்வான். 'வாட்ச்மென்'னைக் கொடுத்தேன். முதல் அத்தியாய முடிவில் பக்கம் பக்கமாக உரைநடை வருகிறதல்லவா, அங்கே நிறுத்திவிட்டான். மூன்று மாதம் கழித்து எப்படியோ முடித்துவிட்டு வந்து அவன் சொன்னது: "நல்லாத்தான் இருக்குடா. ஆனா எனக்குப் புடிச்சதையே உக்காந்து கிண்டல் பண்றான். ஏன் அவ்வளவு கோவம் அந்தாளுக்கு?" அவனுக்குப் பிடித்த ஒரே பாத்திரம் ரோர்ஷாக். அதுவும் எதிர்பார்த்ததுதான். ரோர்ஷாக்கை நாயகனாக எடுத்துக்கொள்ளும் வாசகர்களைக் கண்டால் மூருக்கே உவப்பில்லை.

அடுத்தது புதியவர். எங்கள் வாசிப்பு வட்டத்தை நடத்தும் அக்கா. நார்த்பாயிண்ட் சிட்டி நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அசோகமித்திரனைப் பத்தி பத்தியாக மனப்பாடமாகச் சொல்வார். படக்கதை என்றதும் அவர் கேட்டது: "உள்ளாடைய வெளிய போட்டவன் எப்படிப்பா தத்துவம் பேசுவான்?" ஆனாலும் வாங்கிப் படித்தார். அவருக்கு ரோர்ஷாக்கும் ஒட்டவில்லை, நீல உடம்போடு செவ்வாய்க்குப் போய் உட்காரும் டாக்டர் மன்ஹாட்டனும் ஒட்டவில்லை. என் நண்பன் தாண்டிப்போன உரைநடைப் பக்கங்களில்தான் அவர் நிதானமாக மூச்சுவிட்டார். அப்புறம் தெருமுனையில் பத்திரிகை விற்கும் ஒரு பெரியவர், அவர் கடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓசியில் கடற்கொள்ளைக் காமிக்ஸ் படிக்கும் ஒரு பையன். இருவருக்கும் கதையில் எந்தச் சக்தியும் கிடையாது. வெறுமனே பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அந்தத் தெருமுனைக்கு என்ன ஆகிறது என்பதைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவங்க ரெண்டு பேருக்காகத்தான் இந்தப் புத்தகம். மத்தவங்கல்லாம் சும்மா டிரஸ் போட்டுட்டு நடுவுல நிக்கிறாங்க" என்றார்.

ரசிகர் சண்டையைப் படிக்கிறார், புதியவர் தெருவைப் படிக்கிறார். ஆளுக்குப் பாதிப் புத்தகம். இதை அப்படியே ஒரு விதியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 'வாட்ச்மென்' புதியவரை இந்த அளவுக்காவது உள்ளே விடுவதற்குக் காரணம் ஒரு பதிப்பக முடிவு. மூர் முதலில் திட்டமிட்டது சார்ல்டன் என்ற பழைய கம்பெனியின் பாத்திரங்களை வைத்து. அவற்றின் உரிமையை டிசி வாங்கியிருந்தது. கதை முடிவில் அந்தப் பாத்திரங்கள் மேற்கொண்டு பயன்படாமல் போய்விடும் என்று கண்ட டிசியின் ஆசிரியர் டிக் ஜியோர்டானோ, புதிதாக ஆட்களை உருவாக்கிக்கொள்ளச் சொன்னார். அதனால்தான் முன்கதை எதுவும் தெரியாத அக்காவால் படிக்க முடிந்தது. இதற்கு நேர்மாறு, மார்க் வெய்ட் எழுதி அலெக்ஸ் ராஸ் வண்ணம் தீட்டிய 1996-இன் 'கிங்டம் கம்'. வயதான சூப்பர்மேன், வழிதவறிய அடுத்த தலைமுறை என்று கனமான விஷயம். ஒவ்வொரு பக்கமும் ஓவியம். ஆனால் கூட்டக் காட்சியில் நிற்கும் ஒவ்வொருவரும் யார் என்று தெரிந்தவனுக்குத்தான் அதன் பாரம் முழுதாக இறங்கும். மற்றவருக்கு அது அடையாளம் தெரியாத சொந்தக்காரர்கள் நிறைந்த கல்யாண வீடு.

என் அனுமானம் இதுதான். இந்தவகைப் புத்தகங்கள் எல்லாமே, வாசகர் எப்போதோ ஒரு காலத்தில் எதையோ அப்படியே நம்பியிருக்கிறார் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்படுகின்றன. சின்ன வயதில் சட்டைக்குப் பின்னால் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தவருக்குத்தான், அந்தத் துண்டைப் பிடித்து இழுக்கும்போது கழுத்து இறுகும். துண்டே கட்டாதவருக்கு இழுப்பு தெரியாது. அப்படியென்றால் புதியவருக்கு இதில் பங்கே இல்லையா?

இங்கேதான் என் அப்பா வருகிறார்.

அப்பா அருப்புக்கோட்டைக்காரர். தொண்ணூறுகளில் இங்கே வந்து, செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சூப்பர்மேனையும் பேட்மேனையும் அவருக்குப் பெயரளவில்தான் தெரியும். ஆனால் அவர் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் சிவகாசி. 1972-இல் அங்கே முத்து காமிக்ஸ் தொடங்கி, முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யைப் போட்டபோது அப்பாவுக்கு ஒன்பது வயது. தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறைக்கு மாயாவி யார் என்று விளக்கவேண்டியதில்லை. இங்கே பிறந்த என் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1962-இல் 'வேலியன்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் தொடங்கிய 'ஸ்டீல் க்ளா'தான் நம்முடைய மாயாவி. ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டேல் ஒரு விபத்தில் கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்துகிறார்கள். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் அவன் நல்லவனும் இல்லை. கையைப் பயன்படுத்திக் குற்றங்கள்தான் செய்கிறான். பிற்பாடுதான் அரசாங்க ஏஜென்டாக மாறுகிறான். லயன் காமிக்ஸ் 1984-இல் வந்து ஸ்பைடரையும் இரும்பு மனிதன் ஆர்ச்சியையும் தமிழ் பேச வைத்தது. அப்பாவின் பாஷையில், "எங்களுக்கு அமெரிக்காக்காரன் தெரியாதுடா, எங்க ஆளுங்க எல்லாம் லண்டன்காரங்க."

2005-இல் டிசியின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு 'ஆல்பியன்' என்று ஆறு இதழ்கள் கொண்ட தொடர் ஒன்றைக் கொண்டுவந்தது. கதைத்திட்டம் அதே ஆலன் மூர். எழுதியது அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களையெல்லாம் அரசாங்கம் பிடித்து ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது என்பதுதான் கரு. உள்ளே இருப்பவர்களில் கிராண்டேலும் உண்டு, ஸ்பைடரும் உண்டு. ஆர்ச்சியும் கதையில் வருகிறது. தொகுப்பைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். ஆங்கிலம் படிக்க அவர் கொஞ்சம் சிரமப்படுவார். ஆனால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "மாயாவிய ஏன்டா ஜெயில்ல போட்டாங்க?" என்றார். குரலில் உண்மையான வருத்தம். தெரிந்த ஒருவரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிவரை வரவேற்பறை விளக்கு எரிந்தது.

அதே புத்தகத்தை என் மார்வெல் நண்பனிடம் கொடுத்தேன். "யாருடா இவங்கல்லாம்?" என்று பத்துப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ரசிகர், புதியவர் என்பது ஒரு ஆள் மேல் ஒட்டிய நிரந்தர அடையாளம் கிடையாது. அமெரிக்கக் காமிக்ஸில் கரைகண்டவன் 'ஆல்பியன்' வாசலில் வழிதெரியாமல் நிற்கிறான். அமெரிக்கக் காமிக்ஸையே தொடாத என் அப்பா நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். தொகுப்பை மூடிவைத்த பிறகு அவர் சொன்ன ஒன்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்: "நாங்க படிக்கும்போது அவன் எப்புடி மறையிறான்னுதான் பாத்தோம். கை போனப்ப அவனுக்கு எப்புடி இருந்திருக்கும்னு நினைக்கவே இல்ல." பட்டறையில் விரல் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒருமுறை முழங்கைவரை. அந்த ஆள் ஊருக்குப் போன பிறகு என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். சொந்த சூப்பர்ஹீரோ என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்புதான் வரும். 1998-இல் தொலைக்காட்சியில் வந்த 'விஆர் மேன்' இன்றைக்கும் கேலிப்பொருள். எனக்கு அப்போது நடக்கத் தெரிந்திருந்தால் பெரிது, ஆனால் அந்தக் கேலி எனக்கும் பரம்பரைச் சொத்தாக வந்துசேர்ந்தது. மெர்லயனுக்கும் வீவக புளோக்குகளுக்கும் நடுவில் ஒருவன் இறுக்கமான உடையில் பறந்தால் நமக்கு நம்பிக்கை வராது. 2015-இல் எபிகிராம் புக்ஸ் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹோக் சாய்' இந்தக் கூச்சத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. எழுதி வரைந்த சோனி லியூ சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்பவர். சார்லி சான் என்று ஒரு முதிய காமிக்ஸ் ஓவியர் இருந்தார், இவை அவர் வாழ்நாளில் வரைந்து யாரும் கண்டுகொள்ளாத கதைகள் என்று ஒரு பாவனை. அப்படி ஒரு ஆள் கிடையவே கிடையாது. ஆனால் அவரைச் சுற்றியுள்ள சரித்திரம், ஹோக் லீ பேருந்துக் கலவரம், லிம் சின் சியோங், கோல்ட் ஸ்டோர் நடவடிக்கை எல்லாம் நிஜம். காமிக்ஸ் ரசிகருக்கு ஒவ்வொரு பகுதியும் உலகக் காமிக்ஸ் பாணிகளின் வரலாறு, தெசூகா இங்கே, 'மேட்' பத்திரிகை அங்கே என்று கண்டுபிடித்துக்கொண்டே போகலாம். காமிக்ஸே தெரியாத சிங்கப்பூர்காரருக்கு அது பள்ளிப் பாடப்புத்தகத்தின் இன்னொரு பக்கம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்.

அந்தப் பாடப்புத்தகத்தின் இன்னொரு பக்கம் சிலருக்கு உறுத்தியது. புத்தகம் வெளியாகும் வேளையில் தேசியக் கலைகள் மன்றம் அதற்குக் கொடுத்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. அரசாங்கத்தின் அதிகாரத்தையும் ஏற்புடைமையையும் குறைத்துக் காட்டக்கூடும் என்பது காரணம். அந்தச் செய்தியே புத்தகத்துக்கு விளம்பரமாகி, முதல் பதிப்பு மளமளவென்று தீர்ந்தது. 2016-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு. 2017-இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர், ஒன்றுக்கு மூன்றாக. படக்கதைதானே என்று யாரும் அலட்சியமாக விட்டுவிடவில்லை என்பதற்கு விருதுகளைவிட, எனக்கென்னவோ, அந்த 8,000 வெள்ளிதான் நல்ல சாட்சி.

அந்தப் புத்தகத்துக்குள் 'ரோச்மேன்' என்று ஒரு சூப்பர்ஹீரோ வருகிறான். எடுப்புக் கக்கூஸ் வாளியைச் சுமக்கும் தொழிலாளி. கரப்பான்பூச்சி கடித்துச் சக்தி வருகிறது. நிஜ உலகில் ஸ்பைடர்மேன் பிறந்தது 1962-இல். அதற்குச் சில வருடம் முன்பே சிங்கப்பூரில் ஒருவர் இதை வரைந்துவிட்டார் என்பது புத்தகத்தின் குறும்பு. ரசிகருக்கு அங்கே ஒரு சிரிப்பு உத்தரவாதம்.

எனக்கு அது வேறு இடத்தில் போய்த் தொட்டது. எனக்குச் சம்பளம் தருவதே கழிவுநீர்தான். ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு என்று ஒன்று நம் காலுக்குக் கீழே ஓடுகிறது. அதன் முதல் கட்டம் மட்டும் கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். நாம் பொத்தானை அழுத்தினால் போதும், அப்புறம் எதுவும் நம் கண்ணில் படாது. அந்த ஏற்பாட்டின் ஒரு சின்ன மூலையில் பம்புகளின் கணக்கைப் பார்ப்பவன் நான். வாளி முறை இந்த ஊரில் 1987-இல்தான் முழுதாக ஒழிந்தது என்பதைப் பணியில் சேர்ந்த பிறகுதான் ஒரு விளக்கப் படத்தில் ஒற்றை வரியாகப் பார்த்தேன். நான் பிறப்பதற்குப் பத்துச் சொச்ச வருடம் முன்னால்.

அம்மாவின் அம்மா எங்களோடு இருக்கிறார். தாத்தாவுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை என்பதால் அந்தக் காலத்தில் சோங் பாங் கம்பத்தில் குடியிருந்தவர்கள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பைடர்மேன் என்றால் பேரப்பிள்ளையின் பென்சில் டப்பாவில் இருக்கும் சிவப்பு ஆள். ரோச்மேன் பக்கங்களைக் காட்டித் தமிழில் கதை சொன்னேன். பறப்பது, சண்டை எதிலும் அவர் பார்வை நிற்கவில்லை. வாளி வந்த கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"விடியுறதுக்குள்ள வந்துருவான் தம்பி. பின்பக்கம் சின்னக் கதவு. சத்தமே இருக்காது. பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க. நானும் முந்தானைய எடுத்து மூடிக்குவேன்." கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பதினோரு வருஷம் ஒரே ஆளுதான் வந்தான். சீனப் பெருநாளுக்குக் காசு வச்சுக் குடுப்போம். அவன் பேரு என்னான்னு நாங்க ஒருநாளும் கேக்கல" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு அதற்கு முன்னால் வந்ததே கிடையாது. கம்பத்து நினைவுகள் என்றால் ரம்புத்தான் மரம், மழைவெள்ளம், கோயில் திருவிழா. அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவுக்கும் அது ஒரு கரப்பான்பூச்சி மனிதனைப் பற்றிய கதை.

பாட்டியைவிடப் புதிய வாசகரை நான் எங்கே போய்த் தேடுவது? ஆனால் அந்தப் பக்கத்தில் அவர்தான் பழையவர், நான்தான் புதியவன். முகமூடி அவருக்கு அந்நியம். முகமூடிக்கு அடியில் இருந்த ஆளைப் பதினோரு வருடம் பார்த்திருக்கிறார். முன்னால் துண்டு என்று சொன்னேனே, அதைத் திருத்திக்கொள்ளலாம். வாசகர் கொண்டுவரவேண்டிய நினைவு கட்டாயம் ஒரு சூப்பர்ஹீரோவைப் பற்றியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. அது ஒரு வாளியாக இருக்கலாம், தெருமுனைப் பத்திரிகைக் கடையாக இருக்கலாம், பட்டறையில் போன ஒரு கையாக இருக்கலாம். அந்த நினைவுக்குக் கதையில் இடம் இருந்தால் புதியவர் உள்ளே வந்துவிடுவார். மற்ற நாயகர்களைப் பற்றி மட்டுமே பேசும் கதை, எவ்வளவு இருட்டாக வரைந்தாலும், எவ்வளவு ரத்தம் சிந்தினாலும், ரசிகர் மன்றக் கூட்டமாகத்தான் முடியும். தீவிரம் என்பது இருட்டு இல்லை என்பதை 'வாட்ச்மென்'னுக்குப் பிறகு வந்த பல காமிக்ஸ்கள் மறந்துவிட்டன.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சோனி லியூவின் புத்தகத்தில் 'ஆ ஹுவாட்டின் ராட்சத ரோபோ' என்று இன்னொரு கதை உண்டு. அந்த ரோபோவுக்குச் சீனமொழிக் கட்டளை மட்டும்தான் புரியும். ஐம்பதுகளின் சீனமொழிப் பள்ளி மாணவர்களைப் பற்றிய கதைக்கு அதைவிட நல்ல உருவகம் கிடையாது. படிக்கப் படிக்க எனக்குள் ஒரு சின்னப் பொறாமை. தமிழில் சொன்னால் கேட்கிற ரோபோ நம்மிடம் இருக்கிறதா? யோசித்துப் பார்த்தால் இருக்கிறது. ஆர்ச்சி எண்பதுகளிலேயே தமிழ் பேசிவிட்டது. மாயாவி அதற்கும் பன்னிரண்டு வருடம் முன்னால்.

மாயாவியின் சக்தியை இன்னொருமுறை பாருங்கள். வேலை செய்த இடத்தில் கை போகிறது. அதன்பிறகு ஆள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, வேலை செய்யும் கை மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நடந்துவிட்டு, திங்கள் காலை ஆறு மணிக்கு ஈசூன் அவென்யூவில் போகும் லாரிகளைப் பார்க்கும் எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம். புளோக்குக்குச் சாயம் அடிப்பதும், என் பம்புக் குழாய்களை இறக்குவதும் அந்தக் கைகள்தான். அறுபது வருடத்துக்கு முன்னால் லண்டன் பிள்ளைகளுக்காக வாரம் இரண்டு பக்கம் எழுதப்பட்ட பொழுதுபோக்குக் கதைக்குள் இவ்வளவும் இருக்கிறது. யாரும் தீவிரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவேண்டியதில்லை, உள்ளே இருப்பதைப் பார்த்து வரைந்தால் போதும்.

எனக்கு வட்டம் போட்டாலே கோழிமுட்டையாக வரும். அதனால் இதை வரையத் தெரிந்த யாராவது படித்துக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வரும் மாதம் வாசிப்பு வட்டத்தில் 'சார்லி சான்' பேசுவதாக முடிவாகியிருக்கிறது. அக்காவேதான் சொன்னார். பாட்டியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அப்பா, மாயாவியைப் பற்றிப் பேச அரைமணி நேரம் ஒதுக்கினால் வருவதாக நிபந்தனை போட்டிருக்கிறார். பத்து நிமிடத்துக்கு மேல் கிடையாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.